மூடியின் உட்பக்கம்

எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் உஸ்மான் கனி இறந்துபோனார். பட்டறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, களைப்பில் கண்ணை மூடியிருக்கிறார் என்றுதான் துலுக்கானம் நினைத்தான். டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தான். டீயில் ஏடு படிந்தபிறகுதான் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து பள்ளிவாசலுக்குத் திரும்புகிற சந்தின் முனையில் இருந்தது அந்தப் பட்டறை. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. தகரத்தில் டிரங்குப் பெட்டி செய்வார்கள். கல்யாணச் சீருக்கும், ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளுக்கும், ஆவடியில் பட்டாளத்துக்காரர்களுக்கும் அங்கிருந்து பெட்டி போகும். உஸ்மான் கனியும் துலுக்கானமும் தகரத்தை வெட்டி, தண்டவாளத் துண்டின்மேல் வைத்து மடித்து, ரிவிட் அடித்து, கொண்டி மாட்டுவார்கள். அதற்குமேல் ரெட் ஆக்சைடு பூசி, பச்சையோ நீலமோ எனாமல் அடித்து, முன்பக்கத்தில் ரோஜாப்பூ போடுவது வஹீதுன்னிசாவின் வேலை.

வஹீதுன்னிசா அவருடைய ஒரே மகள். அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நடக்கவே நாலு வயதாயிற்று. பேச்சு அதற்கும் பிறகு. பள்ளிக்கூடத்தில் கொஞ்சநாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பட்டணத்தில் காட்டிய டாக்டர் மூளை வளர்ச்சி கம்மி என்றார். தெருவில் அதற்கு வேறு பேர்கள் இருந்தன. இரண்டு மூன்று வார்த்தைக்குமேல் சேர்த்துப் பேசமாட்டாள். பாவாடை நாடாவை அம்மா சைனம்புதான் அந்த வயதிலும் முடிந்துவிட வேண்டும்.

பெயிண்டு வேலையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் பட்டறையில் உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் டப்பாவில் விரலை விட்டாள். துவைக்கிற கல்லில் ஒரு கோழி வந்தது. பார்த்தவுடனே கோழி என்று தெரிந்தது. அப்படித்தான் தொடங்கியது. பிரஷ் அவள் கைக்கு ஒத்துவரவில்லை. தீக்குச்சியில் துணி சுற்றிக்கொள்வாள். மீதிக்குக் கட்டைவிரல்.

முன்பக்கத்து ரோஜாப்பூ வாங்குகிறவர்களுக்கு. மூடியின் உட்பக்கத்தில் அவள் இஷ்டப்பட்டதைப் போடுவாள். கரையான்சாவடியில் நிற்கிற பஸ், பஸ்ஸைவிடப் பெரிதாக ஒரு கண்டக்டர், தண்ணி லாரியைச் சுற்றிக் குடங்கள், எதிர்ச்சாரியில் இட்லி விற்கிற வேம்புலியம்மாள். வானம் போட்டதே இல்லை. மேல் விளிம்புவரைக்கும் ஆட்களாக நிறைந்திருப்பார்கள். வாங்கியவர்கள் சிலர் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர் அதன்மேல் தாள் ஒட்டிக்கொள்வார்கள். உயிருள்ளதை வரையலாமா என்று தம்பி பஷீருதீன் பலதடவை அண்ணனோடு சண்டைக்கு நின்றிருக்கிறான்.

"அல்லா அவகிட்ட அந்தக் கணக்கெல்லாம் கேக்கமாட்டாண்டா, போ" என்பார் உஸ்மான் கனி.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வராது. எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆள்மேல் ஆள் போட்டுக்கொண்டே போவாள். உஸ்மான் கனி வேலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, "போதும்மா" என்றால் குச்சியைக் கீழே வைத்துவிடுவாள்.

உஸ்மான் கனியின் மையத்தை எடுத்துப் போனபோது மழை விட்டுவிட்டுப் பெய்தது. சைனம்பு வெள்ளைச் சேலைக்கு மாறி இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதத்துக்கும் மேலாக வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவில் பஷீருதீன் ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டினான். கொழுந்தனானாலும் அவனும் அதற்கு அந்தப்பக்கம்தான்.

சைனம்பு அழவில்லை. வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களுக்கு முதுகு தடவிக்கொடுத்தாள். காலையில் எழுந்தாள், தொழுதாள், கஞ்சி வைத்தாள், மகளுக்கு நாடா முடிந்துவிட்டாள். ஒருநாள் அடுப்பிலிருந்த சட்டியைத் துணியில்லாமல் பிடித்து இறக்கினாள். கை கொப்பளித்திருந்ததை மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போதுதான் பார்த்தாள். வேம்புலியம்மாள் கேட்டபோது, "எப்ப ஆச்சின்னு தெரியல" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை.

துலுக்கானம் தினமும் வந்தான். ஒப்புக்கொண்ட பெட்டிகள் பாதியில் நின்றிருந்தன. ரிவிட் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் சைனம்புவுக்குப் பொழுது போவது தெரிந்தது.

ஒருநாள் சத்தம் நின்றது. திரைக்கு அந்தப்பக்கம் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"பாயம்மா."

"சொல்லு துலுக்கானம்."

"பாப்பா அந்த ஒரே பொட்டியதான் போட்டுகினே கீது. கல்யாணப் பொட்டி ஒண்ணு பாய் முட்ச்சி வச்சிருந்தாரே, அத்த. நேத்து போட்டது மேலயே இன்னிக்கி போடுது. அது மேல நாளைக்கி போடுது. மழைல எனாமலு காயவே மாட்டேங்குது. பொட்டிக்குள்ள பல்பு கட்டி உட்டுப் பாத்துட்டேன். வெரலு வச்சா உள்ள போவுது, தோசை மாவு கணக்கா."

"நீ நிறுத்தச் சொல்றதுதான?"

"சொல்லாமயா கீறேன்? பாய் மாரியே போதும்மான்னு சொல்லிப் பாத்தேன். திரும்பி ஒரு பார்வ பாத்துச்சி. திருப்பியும் குச்சிய எட்துக்கிச்சி."

"போடட்டும் உடு."

"பெயிண்டு தீந்துபூடும் பாயம்மா."

"தீரட்டும்."

பிறகு ரிவிட் சத்தம் கேட்டது.

இரண்டொரு நாள் கழித்து, துலுக்கானம் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்த மத்தியான வேளையில், சைனம்பு திரையை விலக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனாள். மகளைக் கஞ்சி குடிக்கக் கூப்பிடத்தான் போனாள். பல்பு வெளிச்சத்தில் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு வஹீதா உட்கார்ந்திருந்தாள்.

மூடியில் ஒரு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. சந்தூக்கை, மையத்தை வைத்துக் கொண்டுபோய் அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசலுக்கே திரும்புகிற பெட்டியை, தூக்கிக்கொண்டு ஆட்கள். நனைந்து தலையோடு ஒட்டிய தொப்பிகள். முன்னால் தோள் கொடுத்திருந்தவன் இடுப்பில் சிவப்புத் துண்டு, அது துலுக்கானம். பின்னால் பஷீருதீன், ஒரு கை சந்தூக்கில், இன்னொரு கை கண்ணில். ஓரமாக ஒதுங்கி நின்ற பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். தெருவில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. சந்தூக்குக்குள்ளே, கட்டம்போட்ட லுங்கியோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு உஸ்மான் கனி படுத்திருந்தார்.

சைனம்பு பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலோடு அவளுக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதற்குப்பிறகு அவரை எந்தப் பக்கமாகத் தூக்கிப்போனார்கள், யார் யார் வந்தார்கள் என்று அவள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

"இத்த எப்ப பாத்த நீ?"

"போனேன்."

"எங்க?"

"பின்னாடி."

"எதுவரைக்கும் போன?"

"கேட்டு."

அவரை அடக்கம் செய்த கபரஸ்தானின் கேட்டுவரைக்கும் மழையில் நடந்திருக்கிறாள். வீடு நிறையப் பெண்கள் இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை.

"நனஞ்சியா?"

"ம்." வஹீதா குச்சியை டப்பாவில் தோய்த்தாள். "பொட்டி வந்துச்சி."

"எந்தப் பொட்டி?"

"அத்தா பொட்டி. பள்ளிவாசல்ல கீது. பாத்தேன். அத்தா இல்ல."

மகளின் கை மூடியை நோக்கிப் போனது. இப்போது போடுகிற கறுப்புக் கோடு அவருடைய கண்ணாடியின்மேல் விழும்.

"போதும்" என்றாள். கை நிற்கவில்லை. "போதும்மா, வஹீதா."

வஹீதா அம்மாவைப் பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கஞ்சி குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பஷீருதீன் வந்தான். திருமழிசைப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். ஷிப்டு முடிந்து கிரீஸ் வாசனையோடு பஸ் பிடித்து வருவான். நாலு பிள்ளைகள் அவனுக்கு. வந்ததும் பட்டறையைச் சுற்றிப் பார்ப்பான், பூட்டை இழுத்துப் பார்ப்பான், திரைக்கு வெளியே நின்று, "இன்னா வேணும் அண்ணி?" என்பான். அன்றைக்கு அவன் அப்படிக் கேட்கவில்லை. டப்பா உருளுகிற சத்தம் கேட்டது. துலுக்கானம், "அண்ணாத்தே, இன்னா பண்ற? காயாம கீது அது" என்றான்.

"நீ உன் வேலையப் பாரு."

சைனம்பு திரை ஓரமாக வந்து நின்றாள். இடுக்கு வழியாகப் பார்த்தாள். பஷீருதீன் பெரிய பிரஷ்ஷால் மூடியின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான். ஈரப் பெயிண்டின்மேல் பிரஷ் வழுக்கியது. தொப்பிகளும் பஸ்ஸும் குழம்பிப் பழுப்பாகி, பிறகு கறுத்தன. வஹீதா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் மையத்த நான் தெனம் வந்து பாக்கணுமா அண்ணி?" அவன் குரல் உடைந்திருந்தது. "யாராவது ஊட்ல இத்த வச்சிருப்பாங்களா? கல்யாணப் பொட்டில போடறதா இது?"

"சரி தம்பி."

"சொம்மா சரி சரின்னா? இத்த இப்பிடியே உட்டா இன்னா ஆவறது? எனக்கு ரெண்டு ஊட்டத் தூக்கத் தெம்பு கிடையாது. மெய்யாலுமே சொல்றேன். நாளைக்கி உனக்கு ஒண்ணு ஆச்சின்னா இவள யார் பாப்பாங்க?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "காட்டுப்பாக்கத்துல ஒருத்தர் கீறாரு. மஸ்தான்னு பேரு. தண்ணி லாரி ஓட்றாரு. பொஞ்சாதி போய்ட்டா. பையன் ஒண்ணு. அம்மா படுத்த படுக்க. இவளப் பத்தி எல்லாம் சொல்ட்டேன். பரவால்லன்றாரு."

"சரி."

"பாக்க வரச் சொல்லவா?"

"சொல்லு."

தையில் வந்தார்கள். மஸ்தானின் அக்கா மட்டும் உள்ளே வந்து வஹீதாவைப் பார்த்தாள். நடக்கச் சொன்னாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். படுக்கையில் கிடப்பவர்களுக்குத் துணி மாற்றத் தெரியுமா என்று சைனம்புவிடம் கேட்டாள்.

"சொன்னா செய்வா."

"அது போதும். இந்தப் பெயிண்டு கியிண்டு வாசன மட்டும் எங்கம்மாவுக்கு ஆவாது. இழுப்பு கீது."

"சரி."

அந்த நாட்களில் சைனம்பு எதற்கெல்லாம் சரி என்று சொன்னாள் என்பது அவளுக்கே பிற்பாடு நினைவில்லை. வேம்புலியம்மாள் ஒருதரம் அவள் கையைப் பிடித்து, "இன்னா சைனம்பு, நீ சொல்றதெல்லாம் நீ தான் சொல்றியா?" என்று கேட்டாள். சைனம்பு கிண்ணத்திலிருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தா முடியட்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிப் பார்த்தார். மஸ்தானின் அம்மாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. பொண்ணுக்குத்தானே கல்யாணம், அம்மாவுக்கா என்றான் பஷீருதீன். கூட்டம் வேண்டாம், வீட்டோடு நடத்திவிடலாம் என்று முடிவானது.

நிக்காஹ் அன்று பட்டறையில் பெட்டிகளை ஓரங்கட்டிப் பாய் விரித்தார்கள். சந்தில் அடுப்பு மூட்டிப் பிரியாணிக்குத் தம் போட்டார்கள். துலுக்கானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். உள்ளே வஹீதாவுக்குச் சிவப்புச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் அவளுக்கான டிரங்குப் பெட்டி. பஷீருதீன் கறுப்பு அடித்த அதே பெட்டிதான். வெளியே ரோஜாப்பூ இருந்ததால் அதையே சீருக்கு வைத்துவிட்டார்கள். அதற்குள் துணிகளை மடித்து வைத்தது சாச்சி, பஷீருதீனின் மனைவி.

ஹஜ்ரத் இரண்டு சாட்சிகளோடு திரைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். பெயர்களையும் ஊர்களையும், மாப்பிள்ளை தருகிற மஹரையும் சொல்லி, "மஸ்தானுக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா, மகளே?" என்று கேட்டார்.

வஹீதா நகக்கண்ணில் இருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தடவையும் கேட்டார்.

"பொண்ணு வெக்கப்படுது" என்றாள் மஸ்தானின் அக்கா. "கம்முனு இருந்தாலே சம்மதம்தான ஹஜ்ரத்? எய்திக்கங்க."

மருதாணி வைத்த அந்த விரல்களைச் சைனம்பு பார்த்தாள். அதற்குமுன் அன்று காலையிலிருந்து அவள் எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சாட்சிகளின் கால்கள் திரும்புவது திரைக்குக் கீழே தெரிந்தது.

"ஹஜ்ரத்" என்றாள்.

பட்டறையில் பேச்சு அடங்கியது.

"நீங்க கேட்டது அவளுக்குப் புரியல ஹஜ்ரத்."

"அண்ணி, நீ இத்தால கீற. கம்முனு இரு." பஷீருதீனின் குரல்.

"நீ கம்முனு இரு தம்பி. ஹஜ்ரத், ஒரு நிமிஷம். நான் கேக்கறேன். நீங்க அங்கியே நின்னு கேட்டுக்கங்க."

திரைக்குக் கீழே கால்கள் நின்ற இடத்தில் நின்றன.

சைனம்பு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "வஹீதா, இங்க பாரு. அந்தாண்ட மஸ்தான்னு ஒருத்தர் உக்காந்துகினு கீறாரு. அவரு ஊட்டுக்கு உன்னக் கூட்டிகினு போறாங்களாம். காட்டுப்பாக்கம். இனிமே அங்கதான் இருக்கணும். அங்க பெயிண்டு கெடையாது. நான் வரமாட்டேன்."

"எப்ப வர்றது?"

"யாரு?"

"நான்."

"வரமுடியாது. எப்பவாச்சும் பெருநாளுக்கு வரலாம்."

வஹீதா பக்கத்திலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "பொட்டியிலயா?"

"இல்லம்மா. லாரியில. பொட்டி கூட வரும்."

வெகுநேரம் யோசித்தாள். உள்ளே ஒருத்தி சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள் வஹீதா. யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்தவள் மாதிரி, இன்னும் உரக்கச் சொன்னாள். "மாட்டேன்."

ஹஜ்ரத் திரையிலிருந்து நகர்ந்து, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பாய்க்குப் போனார். "பொண்ணு சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கலாம்" என்றார். "வாய் திறந்து மாட்டேன்னு சொன்னப்புறம் எடுத்துக்க ஒண்ணுமில்ல. எந்திரிங்க."

கொஞ்சநேரம் கூச்சலாக இருந்தது. பைத்தியத்தின் பேச்சு ஒரு பேச்சா என்றாள் மஸ்தானின் அக்கா. அப்படியானால் அதன் சம்மதம் மட்டும் சம்மதமா என்று ஹஜ்ரத் கேட்டார். தம் பிரித்த பிரியாணியின் வாசனை சந்து முழுக்க வந்துகொண்டிருந்தது. ஆக்கியதை என்ன செய்வது? "வந்தவங்க வெறும் வயித்தோட போவ வேணாம்" என்று துலுக்கானம்தான் இலையை எடுத்துப் போட்டான். தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மஸ்தான் கையைக் கழுவிவிட்டுத் திரையிடம் வந்தான்.

"அம்மா, எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஊட்ல ஒரு ஆள் வந்தா போதும்னு இருந்துச்சி. அவங்களுக்கு வேணுமான்னு நானும் கேக்கல. தப்பா எட்துக்காதீங்க."

"இல்ல தம்பி. அம்மாவ நல்லாப் பாத்துக்க."

எல்லோரும் போனபிறகு பஷீருதீன் மட்டும் இருந்தான். "இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன். உங்க பாடு" என்றான்.

"சரி தம்பி. நீ சாப்ட்டியா?"

திரைக்கு அந்தப்பக்கம் அவன் அழுவது கேட்டது. அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழுததாகத் தெரியவில்லை. துலுக்கானம் பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தான். சைனம்பு ஒரு தட்டில் பிரியாணி போட்டுத் திரைக்குக் கீழே தள்ளினாள்.

மாசிக் கடைசியில் இத்தா முடிந்தது. குளித்து வேறு சேலை கட்டிக்கொண்டு சைனம்பு வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வேம்புலியம்மாள் எதிர்ச்சாரியிலிருந்து கையை ஆட்டினாள், இவளும் ஆட்டினாள். பங்குனிக் கல்யாணங்களுக்குப் பெட்டி கேட்டு ஆட்கள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். தகரம் வெட்டிவைத்துவிட்டதாகவும் பெயிண்டு சுத்தமாக இல்லை என்றும் துலுக்கானம் சொன்னான். மகளையும் கூட்டிக்கொண்டு அவளே டிரங்க் ரோட்டைத் தாண்டி ஹார்டுவேர் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்குள் அதற்குமுன் அவள் போனதே இல்லை.

கடைக்காரர் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தார். பின்னால் வந்த வஹீதாவைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"வாங்கம்மா. பாய் வழக்கமா வாங்கறதுதான?" என்று கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறினார். "பச்ச, நீலம், செவப்பு, கொஞ்சம் வெள்ள. எப்ப வந்தாலும் தனியா ஒரு மஞ்ச டப்பா, சின்னது. இது பொண்ணுக்குன்னு சொல்லிச் சொல்லி வாங்குவாரு."

டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கல்லாவின்மேல் வைத்தார். கடைசியாக அந்தச் சின்ன மஞ்சள் டப்பா. சைனம்பு அதை எடுத்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த சுண்ணாம்பு மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். அது போதாமல் அதன்மேல் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. ஆணி வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கடைக்காரர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விளங்காமல் ஏணியில் பாதியில் நின்றார்.

வஹீதா அம்மாவைப் பார்த்தாள். டப்பாக்களைப் பையில் போட்டாள். மஞ்சள் டப்பாவை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

சைனம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்து, காசைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனபோது மகள் ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். திருவள்ளூர் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வஹீதா பையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வலதுகையைப் பின்னால் நீட்டினாள்.

"பஸ்ஸு வருது" என்றாள். "புட்ச்சிக்க."